தூவிச் சட்டை: குளிரைக் காக்கும் காற்றும் அதைச் சிறைப்படுத்தும் தையலும்

டில்லி மாநகரில் ஜனவரி மாத இரவுகள் கடுங்குளிர் வாய்ந்தவை. சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1935-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 0.6 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்கியது. இத்தகைய குளிரைத் தாங்க வடநாட்டு மக்கள் கையாளும் சாதனம் ரஜாய் என்னும் பஞ்சு மெத்தைப் போர்வையாகும். பனிக்காலம் தொடங்குமுன், பழைய டில்லியின் சந்துகளில் பஞ்சு கொட்டும் தொழிலாளர் பழைய ரஜாய்களைப் பிரித்து, உள்ளிருக்கும் பஞ்சை வில்லின் நாணால் அடித்து, மீண்டும் நிரப்பித் தைத்துக் கொடுப்பர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஓராண்டு பயன்படுத்திய ரஜாயின் எடை குறைந்துவிடவில்லை. பஞ்சும் அதே பஞ்சுதான். எனினும் அது முன்போல் கதகதப்பு அளிப்பதில்லை. வில்லால் அடித்தபின் இழந்த கதகதப்பு திரும்ப வந்துவிடுகிறது. அவ்வாறெனின் குளிரைத் தடுப்பது பஞ்சு அன்று என்பது தெளிவு. பஞ்சினிடையே தங்கும் காற்றே அதைத் தடுக்கிறது. மலையேறுவோர் அணியும் தூவிச் சட்டையும் இதே தத்துவத்தின்பாற் பட்டதாகும்.

அசையாக் காற்றின் பயன்

காற்று ஓர் அரிதிற் கடத்தி. அது அசையாமல் நிற்குமானால் வெப்பத்தை மிகச் சிறிதளவே கடத்தும். ஆனால் தடையின்றி விடப்பட்ட காற்று நிலைத்து நிற்பதில்லை. உடலைத் தொட்டுச் சூடேறிய காற்று மேலே செல்ல, குளிர்ந்த காற்று அவ்விடத்தை அடைகிறது. எனவே காற்றை நுண்ணிய அறைகளாகப் பிரித்து அசையாமற் செய்வதே குளிராடையின் வேலை. பருத்தி, கம்பளி, இலவம் பஞ்சு, தூவி ஆகிய யாவும் இவ்வேலையையே செய்கின்றன. அவற்றுள் மிகக் குறைந்த எடையில் மிகுந்த காற்றைப் பிடித்து வைப்பது தூவி.

தூவி என்பது வாத்து, பெருவாத்து ஆகிய நீர்ப்பறவைகளின் மார்பில், வெளியிறகுகளுக்கு அடியில் வளரும் மென்மையான பொருள். தமிழர்க்கு இது புதிதன்று; அன்னத்தின் தூவி பரப்பிய அரசியின் படுக்கை நெடுநல்வாடையில் கூறப்பட்டுள்ளது. இறகுக்கு நடுவே விறைப்பான தண்டு உண்டு. தூவிக்கு அது இல்லை. ஒரு நடுப்புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் மெல்லிய இழைகள் பரவி நிற்கும். கையில் வைத்து அழுத்தினால் சுருங்கும். விட்டால் மீண்டும் உப்பும். பருத்திப் பஞ்சு நாளடைவில் படிந்து இறுகுவதற்கும், தூவி பல்லாண்டு மீண்டும் மீண்டும் எழுவதற்கும் இதுவே காரணம்.

விஞ்ஞானி தைப்பித்த சட்டை

தூவிச் சட்டையின் வரலாற்றில் ஒரு வேதியியலறிஞரின் பெயர் இடம் பெறுகிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பணியாற்றிய ஜார்ஜ் இங்கிள் ஃபிஞ்ச் என்பவர், 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்துக்காக, பலூன் செய்ய உதவும் துணியினுள் ஐடர் என்னும் கடல்வாத்தின் தூவியை நிரப்பி ஒரு மேலங்கி தைப்பித்துக்கொண்டார். உடன் சென்றோர் கம்பளியும் காற்றுத் தடுப்புத் துணியும் அணிந்திருந்தனர். அவர்கள் முதலில் இவ்வங்கியைக் கண்டு நகைத்தனர். உயரத்தின் குளிரை உணர்ந்தபின் நகைப்பு அடங்கிற்று. அவ்வாண்டு மே 27-ஆம் நாள் ஃபிஞ்ச், ஜெஃப்ரி புரூஸ் என்பவருடன், பிராணவாயுக் கருவியின் துணைகொண்டு ஏறத்தாழ 8,320 மீட்டர் உயரத்தை எட்டினார்.

இவரே பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, புனாவிலுள்ள தேசிய இரசாயன ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநராக 1952 முதல் 1957 வரை பணியாற்றினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. காற்றுப் புகாத இலேசான துணி, அதனுள் உப்பி நிற்கும் தூவி என்ற அவரது ஏற்பாடு இன்றும் மாறவில்லை. பலூன் துணிக்குப் பதிலாக நைலான் வந்துள்ளது, அவ்வளவே.

வேண்டிய பொருள்கள்

தையற் பயிற்சி உடையோர் இச்சட்டையைத் தாமே தைத்துக்கொள்ளலாம். வெளிப்புறத்துக்கும் உட்புறத்துக்கும் நெருக்கமாக நெய்த நைலான் துணி வேண்டும். சதுர மீட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை எடையுள்ளது ஏற்றது. துணியை வாயருகே வைத்து ஊதும்போது மூச்சு எளிதில் ஊடுருவினால், அதன் வழியே தூவியும் வெளியேறும், அத்துணியை விலக்குக. மிக மெல்லிய ஊசியும் பாலியெஸ்டர் நூலும் கொள்க. தடித்த ஊசி இடும் துளை நிரந்தரமானது.

கழுவித் தூய்மை செய்யப்பட்ட தூவியையே பயன்படுத்துதல் வேண்டும். பறவைப் பண்ணையிலிருந்து நேரே பெற்ற இறகுகளில் எண்ணெய்ப் பசையும் நாற்றமும் இருப்பதோடு நோய்க்கிருமிகளும் இருத்தல் கூடும். கிழிந்துபோன தூவி உறக்கப்பை கிடைக்குமானால் அதன் தூவியை எடுத்துப் பயன்படுத்துவது சிக்கனமான வழி.

தூவியின் தரம் அதன் பொங்குதிறனால் அளக்கப்படும். ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறதோ, அவ்வெண்ணே அதன் பொங்குதிறன். 700 என்று குறிக்கப்பட்ட தூவியின் ஒரு கிராம், ஏறத்தாழ 405 கன சென்டிமீட்டர் இடத்தை நிரப்பும்.

அறைகளும் கணக்கும்

தூவியை ஒரே பையில் நிரப்பினால் முழுவதும் அடியில் திரண்டுவிடும். ஆதலின் சட்டையைக் குறுக்குத் தையல்களால் அறைகளாகப் பிரித்தல் இன்றியமையாதது. இரு துணிகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தைப்பது எளிய முறை. இதில் தையற் கோட்டின்மீது காற்றுப்படலம் இல்லாமையால், அவ்விடத்தில் வெப்பம் சிறிது வெளியேறும். இரு துணிகளுக்கும் இடையே மெல்லிய வலைத்துணியைச் சுவர்போல் நிறுத்தித் தைப்பது மற்றொரு முறை. அது கடுங்குளிருக்கு உகந்தது. ஆனால் எடையும் உழைப்பும் மிகும். இலேசான சட்டைக்கு முதல் முறை போதும்.

தையற் கோடுகளுக்கு இடையே 10 சென்டிமீட்டர் விடப்படுவதாகக் கொள்வோம். தூவி நிரம்பியதும் அறை உப்புவதால் அதன் அகலம் 9 சென்டிமீட்டராகச் சுருங்கும். ஆகவே சட்டையின் உயரத்தை ஒன்பதில் ஒரு பங்கு கூட்டி வெட்டுதல் வேண்டும். இதனை மறந்து வெட்டிய சட்டை இடுப்புக்கு மேலே நின்றுவிடும்.

60 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அறையின் சராசரிக் கனம் 2.5 சென்டிமீட்டர் எனில், அதன் கொள்ளளவு 60 × 9 × 2.5 = 1,350 கன சென்டிமீட்டர். இதை 405-ஆல் வகுக்க 3.3 கிராம் கிடைக்கும். ஈரக்கசிவாலும் அழுத்தத்தாலும் ஏற்படும் குறைவை ஈடுசெய்ய ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, 4 கிராம் இடலாம். இவ்வாறு கணக்கிட்டால் ஒரு முழுச் சட்டைக்கு 90 கிராம் அளவில் தூவி தேவைப்படும். ஜிப்பும் துணியும் சேர்த்து மொத்த எடை 300 கிராமுக்குள் அடங்கும்.

தைக்கும் முறை

முதலில் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று, கைகள் இரண்டு என ஐந்து துண்டுகளையும் வெளித்துணியிலும் உள்துணியிலும் வெட்டுக. ஒவ்வொரு இணையையும் பொருத்தி, ஒரு பக்க ஓரத்தை மட்டும் திறந்து விட்டு மற்ற ஓரங்களைத் தைக்க. பின்னர் சுண்ணக்கோடு இட்டுக் குறுக்குத் தையல்களை இடுக. குண்டூசிகளை ஓர மடிப்பில் மட்டுமே குத்த வேண்டும். அறையின் நடுவே குத்தினால் அத்துளை வழியே தூவி கசியும்.

நிரப்பும் வேலையை ஜன்னல் மூடிய சிறு அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு செய்க. தராசில் நிறுத்த தூவியைச் சுருட்டிய காகிதக் குழாய் வழியே ஒவ்வொரு அறையிலும் தள்ளி, வாயைக் குண்டூசியால் மூடுக. எல்லா அறைகளும் நிரம்பியபின் திறந்த ஓரத்தைத் தைத்து, துண்டுகளைத் தோள், கை, விலா என்னும் வரிசையில் இணைத்து, இறுதியில் கழுத்துப் பட்டையையும் ஜிப்பையும் பொருத்துக. மணிக்கட்டிலும் இடுப்பிலும் நெகிழ்நாடா அமைத்தால் உள்ளிருக்கும் சூடான காற்று வெளியேறாது.

ஈரம் என்னும் பகை

தூவியின் குறை ஒன்றே; ஆனால் அது பெருங்குறை. நனைந்த தூவி ஒட்டித் திரண்டு, உப்பும் தன்மையை இழக்கும். காற்றிருந்த இடத்தை நீர் பற்றிக்கொள்ளும். நீரோ காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவது.

ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி வீதம் உஷ்ணநிலை குறைகிறது. டில்லியிலிருந்து இரவுப் பேருந்தில் புறப்பட்டு 4,000 மீட்டர் உயரமுள்ள முகாமை அடையும் களப்பணியாளர், சமவெளியை விட 25 டிகிரி குறைந்த குளிரை எதிர்கொள்கிறார். அங்கே நனைந்த சட்டையுடன் இரவைக் கழிப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எனவே ஏறும்போது வியர்வை தோன்றுமுன் தூவிச் சட்டையைக் கழற்றிப் பையில் வைப்பதும், நின்றவுடன் அணிவதும் முறையாகும். மழையில் அதன்மேல் நீர் புகாத அங்கி வேண்டும். நெருப்புப் பொறி பட்டால் நைலான் உருகிவிடுமாதலால் அடுப்பருகே எச்சரிக்கை தேவை. மாணவர்களை மழைக்கால மலைப்பாதைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், நனைந்தாலும் ஓரளவு காப்பளிக்கும் பாலியெஸ்டர்ப் பஞ்சு நிரப்பிய சட்டையைத் தேர்ந்தெடுப்பதே நன்று.

வகுப்பறையில் ஒரு சோதனை

மேற்கூறிய உண்மைகளை நம் ஊர் இலவம் பஞ்சைக் கொண்டே விளக்கலாம். ஒரே அளவான நான்கு தகரக் குவளைகளில் சமமாக வெந்நீர் ஊற்றுக. முதற் குவளையை வெறுமையாக விடுக. மற்ற மூன்றுக்கும் சம எடையுள்ள பஞ்சு கொள்க. இரண்டாவதைச் சுற்றி அதனை இறுக்கிக் கட்டுக. மூன்றாவதைச் சுற்றி நன்கு உதிர்த்துத் தளர்வாக நிரப்புக. நான்காவதற்கு நீரில் நன்கு பிசைந்து நனைத்த பஞ்சைச் சுற்றுக. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து, அளவுகளை வரைபடமாக்குக. மூன்றாவது குவளை நெடுநேரம் சூடாக இருப்பதையும், நனைந்த பஞ்சு காப்பாக உதவாமற் போவதையும் மாணவர் தாமே காண்பர்.

பயணம் முடிந்தபின் சட்டையை மென்மையான சோப்பு நீரில் அலசி, பிழியாமல் அழுத்தி நீரை நீக்கி, கட்டிகளை விரலால் உதிர்த்து முற்றிலும் உலர்த்துக. பையில் திணித்து வைக்காமல், தளர்வாகத் தொங்கவிட்டு வைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் ரஜாயின் பஞ்சைக் கொட்டுவது போலத் தூவியைக் கொட்ட வேண்டியதில்லை. அது தானே எழுவதற்கு இடம் விட்டால் போதுமானது.