‘விடுவிப்பு’ என்னும் சொல்: ஓர் இளையோர் புதினம் குறித்து

இறந்தாரைத் ‘துஞ்சினார்’ எனக் கூறுவதை நம் இலக்கணிகள் மங்கலம் என்பர். இடக்கரடக்கல், குழூஉக்குறி ஆகியவற்றோடு இதனையும் தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாக நன்னூல் வகுக்கிறது. இவ்வழக்கில் ஒரு நேர்மை உண்டு. உண்மையைச் சொல்பவரும் அறிவார், கேட்பவரும் அறிவார். மறைக்கப்படுவது சொல்லின் கடுமையே அன்றிச் செய்தி அன்று. செய்தியே மறைந்தொழிந்து, மங்கலச் சொல் மட்டும் ஒரு சமுதாயத்தில் எஞ்சி நின்றால் என்ன நேரும்? அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோரி 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி கிவர்’ என்னும் அறிவியல் புனைவு இவ்வினாவின் மீதே எழுப்பப்பட்டது எனலாம். இளையோருக்கென எழுதப்பட்ட இந்நூல் 1994ஆம் ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றது.

கதை நிகழும் ஊரில் பசியில்லை, போரில்லை, பிணக்கில்லை. குடும்பத்திற்கு ஓர் ஆண், ஒரு பெண் என இரு குழந்தைகளே உண்டு. அவர்களையும் பெற்றெடுப்பவர் வேறு, வளர்ப்பவர் வேறு. வாழ்க்கைத் துணையையும் தொழிலையும் ஆட்சிக் குழுவே தேர்ந்தளிக்கிறது. பருவ உணர்வுகளை மாத்திரை அடக்கிவிடுகிறது. வண்ணங்கள் கூட அங்கில்லை. அவை இருந்தன என்பதையும் மக்கள் அறியார். அகராதி, ஊர் விவர நூல், விதிநூல் ஆகிய மூன்றைத் தவிர வீடுகளில் வேறு நூலில்லை. (நூலகத்தில் வளர்ந்த நமக்கு இந்த ஒரு செய்தியே போதும், அவ்வூர் எத்தகையது என்பதை உணர!) மனித குலத்தின் பழைய நினைவுகள் அனைத்தையும் ஒரே ஒரு முதியவர் சுமக்கிறார். பன்னிரண்டு வயதான ஜோனஸ் அவருடைய வாரிசாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். முதியவர் அவன் முதுகில் கை வைத்து நினைவுகளை வழங்குகிறார். பனிச்சரிவில் சறுக்கிச் செல்லும் இன்பத்தில் தொடங்கிய அப்பாடம் போர்க்களத்தின் கொடுமை வரை செல்கிறது. தொடுகையால் நினைவு கைமாறுவது எங்ஙனம் என்பதற்கு நூலில் விளக்கமேதும் இல்லை. அறிவியலைத் தேடிப் படிப்போர் இவ்விடத்தில் ஏமாறுவர்.

மாணவர் கூர்ந்து நோக்க வேண்டியது அவ்வூரார் வழங்கும் ‘விடுவிப்பு’ என்னும் சொல்லையே. முதல் அத்தியாயத்திலேயே அது வந்துவிடுகிறது. வழிதவறி ஊரின் மேல் விமானத்தைச் செலுத்திய பயிற்சி விமானி விடுவிக்கப்படுவார் என ஒலிபெருக்கி அறிவிக்கிறது. விளையாட்டில் தோற்ற நண்பனைக் கேலி செய்யச் சிறுவன் ஒருவன் அச்சொல்லை எடுத்தாண்டு கண்டிக்கப்படுகிறான். முதியோரின் விடுவிப்போ வாழ்த்துரைகளோடு கூடிய திருநாள். தண்டனை, கேலி, கொண்டாட்டம் என ஒரே சொல் மூன்று முகம் காட்டுகையில் வாசகருக்கு ஐயம் பிறக்கிறது, ஊராருக்குப் பிறப்பதில்லை. ‘சொற்களைத் துல்லியமாகப் பயன்படுத்துக’ என்று பிள்ளைகளை ஓயாது திருத்துபவர்களும் இவர்களே. தன்னிடம் அன்பு உண்டா எனக் கேட்கும் ஜோனஸிடம், அன்பு என்பது பொருளற்றுத் தேய்ந்துபோன சொல் என்று பெற்றோர் விளக்குகின்றனர்.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில் திரை விலகுகிறது. ஜோனஸின் தந்தை குழந்தைகளைப் பேணும் தொழிலினர், கனிவு மிக்கவர். இரட்டையராய்ப் பிறந்த சிசுக்களுள் எடை குறைந்ததை அவர் ‘விடுவிக்கும்’ காட்சியை முதியவர் ஜோனஸுக்குத் திரையில் காட்டுகிறார். கொஞ்சு மொழி பேசியவாறே தந்தை அச்சிசுவின் நெற்றி நரம்பில் ஊசியைச் செலுத்துகிறார். பின்னர் உடலைப் பெட்டியிலிட்டு அப்புறப்படுத்திக் கையசைத்து விடைகொடுக்கிறார். அவர் முகத்தில் வெறுப்பு இல்லை. கொலை என்னும் சொல்லையும் பொருளையும் ஒருங்கே இழந்தவர் கொலை செய்கிறார். தாம் செய்வது இன்னதென அறியாமலேயே செய்கிறார். கொடுங்கோலன் ஒருவனைப் படைத்திருந்தால் இத்துணை நடுக்கம் நமக்கு எழாது.

தம் நியூபெரி ஏற்புரையில் லோரி இக்கதையின் ஊற்றுகளைக் குறிப்பிட்டார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் டோக்கியோவில், வேலியிட்ட அமெரிக்கக் குடியிருப்பில் வாழ்ந்த சிறுமி அவர். வேலிக்கு வெளியே இருந்த நகரைக் காண மிதிவண்டியில் போய் வருவாராம். பிற்காலத்தில் நினைவு மங்கிய அவருடைய தந்தை, இளமையிலேயே இறந்த தம் மூத்த மகளுக்கு என்ன நேர்ந்தது என்பதையே மறந்திருந்தார். துயரை மறப்பது இதமானதே. ஆயினும் அது காப்பானதுதானா என்னும் ஐயம் லோரிக்கு அப்போது எழுந்தது.

இந்நூலை இளையோர் கையில் தரலாகாது என்று அந்நாட்டுப் பெற்றோர் பலர் வாதிட்டனர். 1990களில் மிகுதியாக எதிர்க்கப்பட்ட நூல்களென அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. சிசுக்கொலைக் காட்சியைக் கண்டு பெரியோர் அஞ்சுவதில் நியாயமுண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியே இருந்து படிக்கத்தக்க பக்கங்கள் அல்ல அவை. வீட்டாரோ ஆசிரியரோ உடனிருந்து படித்தல் நலம். ஆனால் நூலையே மறைப்பது, அவ்வூர் ஆட்சிக் குழு செய்ததையே நாமும் செய்வதாகாதா?

சிசு கேப்ரியலுடன் ஜோனஸ் ஊரை விட்டுத் தப்புகிறான். பனியில் விளக்கொளி தெரிவதோடு கதை நின்றுவிடுகிறது. அவர்கள் பிழைத்தனரா என்பதற்குப் பின்வந்த நூல்களில் விடை உண்டு. அவ்விடை இல்லாமலிருந்ததே சிறப்பு என்பது என் கருத்து.

நூலை முடித்தவுடன் முதலிரு அத்தியாயங்களுக்குத் திரும்புக. வளர்ச்சி குன்றிய கேப்ரியலை எண்ணித் தந்தை மாலைப்பொழுதில் வருந்துகிறார். பெயர் சொல்லி அழைத்தால் தேறுவான் என நம்பி, விதியை மீறிப் பெயர்ப் பட்டியலைப் பார்த்து வந்திருக்கிறார். முதல் வாசிப்பில் அவரை நல்லவர் என்றே எண்ணியிருப்போம். இரண்டாம் வாசிப்பிலும் அவர் நல்லவராகவே தோன்றுகிறார்.