ஊற்றுப்பேனையும் கரி மையும்

கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942ஆம் ஆண்டிலே தோன்றியது. அதன் நூலகம் வெள்ளவத்தை ஐம்பத்தேழாம் ஒழுங்கையில் அமைந்துள்ளது. அங்கேயாயினும், வேறெந்தப் பழைய நூலகத்திலாயினும், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் அச்சேறிய புத்தகமொன்றை விரித்துப் பார்ப்போர் ஒரு புதுமையைக் காணக்கூடும். தாள் பழுத்து மஞ்சள் நிறம் அடைந்திருக்கும், ஓரங்கள் பொடிந்திருக்கும். அச்செழுத்துகளோ நேற்றுப் பதித்தாற்போலக் கறுத்தே நிற்கும். ஆனால், முகப்பேட்டில் ஊற்றுப்பேனையால் எழுதப்பட்ட உடையவர் பெயர் வெளிறிப் போயிருக்கும். ஈரம் பட்ட இடத்தில் நீலக் கறையாகப் பரவியிருப்பதும் உண்டு. தாளும் ஒன்று, வயதும் ஒன்று, இருந்த அலுமாரியும் ஒன்று. அவ்வாறிருக்க, ஓர் எழுத்து நிலைத்து நிற்க மற்றோர் எழுத்து மறைவானேன்?

இக்கேள்வி புத்தகப் பிரியர்க்கு மாத்திரம் உரியதாகாது. வெள்ளவத்தைக்கு ஒருபுறம் கடல், ஊடே கால்வாய். கொழும்பிலே ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. பூட்டிய அலுமாரியுள் இருக்கும் தாளும் ஈரத்தை உறிஞ்சும். இப்பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுட் பல, 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்திலும் அதன் பின்னர் மூண்ட போரிலும் இடம்பெயர்ந்து அல்லலுற்றவை. வீட்டையும் பொருளையும் விட்டு வெளியேறியோர் மடியில் கட்டி எடுத்துச் சென்றவை காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பிள்ளைகளின் சாதகக் குறிப்பு முதலிய தாள்களே. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோதும், 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோதும் இத்தகைய தாள்கள் நீரில் நனைந்தன. நனைந்த தாளை உலர்த்தி எடுக்கலாம். எழுத்துக் கரைந்துவிட்டால் உலர்ந்த தாளால் ஆவதென்ன?

மைகளை இரு வகுப்பாகப் பிரித்து நோக்கினால் இதற்கு விடை கிடைக்கும். ஒன்று சாய மை. மற்றது நிறப்பொடி மை. சீனியை நீரிலிட்டால் அது கரைந்து நீரோடு ஒன்றாகிவிடும். சாயமும் அத்தகையது. சந்தனத்தை நீரிலே குழைத்தாலோ, அதன் துகள்கள் கரைவதில்லை. நீரில் மிதந்து நிற்கும். ஆறவிட்டால் அடியில் படியும். நிறப்பொடி மை இவ்வினத்தைச் சேர்ந்தது. சாய மையால் எழுதிய தாள் மீண்டும் நனையும்போது, நீரில் கரைந்து வந்த சாயம் நீரிற் கரைந்தே போகிறது. நிறப்பொடியோ கரையும் இயல்பு அற்றது. ஆதலின் தாளின் நார்களிடையே ஒட்டிக்கொண்ட இடத்தை விட்டு எளிதில் அகலாது. அச்சு மையின் கருமைக்குக் காரணம் காபன் என்னும் கரித்துகள். ஒளியும் நீரும் அதனை வெல்வதில்லை. சாயத்தை வெளிறச் செய்யும் வெளிற்றும் தூளும் அதனிடம் தோற்றுப்போகும்.

கரியின் இவ்வாற்றலை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். பனையோலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்துக்கு நிறமில்லை. விளக்குக் கரியை எண்ணெயிலோ பச்சிலைச் சாற்றிலோ குழைத்து ஓலைமீது பூசித் துடைப்பர். கீறலுள் நின்ற கரி எழுத்தாகத் தோன்றும். ஏனைய கரி துணியோடு போகும். இதற்கு மையாடல் என்று பெயர். சிங்கள மக்களும் தல்பத்து ஓலைகளிலே தும்மல எண்ணெயும் கரியும் சேர்த்து இவ்வாறே எழுத்தை விளக்கமுறச் செய்தனர். சில நூற்றாண்டுகள் கடந்த ஏடுகளை இன்றும் வாசிக்க முடிவது அக்கரியினாலேயாம்.

தாளில் எழுதும் வழக்கம் பரவியபோது மாசிக்காயும் அன்னபேதியும் கூட்டிய மை பெரும்பங்கு கொண்டது. அது காற்றுப் பட்டுக் கறுத்து, நீரில் அழியாது நின்றது. எனினும் புளிப்புத்தன்மை உடையது. காலப்போக்கில் சில தாள்களை அரித்துவிடும். பிரித்தானியாவின் பதிவகங்களில் இவ்வினத்து மை நெடுங்காலம் கையாளப்பட்டது. 1856ஆம் ஆண்டில் வில்லியம் பேர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைச் செயற்கையாக ஆக்க முயன்று, அதற்குப் பதிலாக ஊதாச் சாயமொன்றைக் கண்டார். அன்று தொடங்கிய செயற்கைச் சாயங்களின் வரிசை மைத் தொழிலையும் மாற்றியது. 1884ஆம் ஆண்டில் லூயிஸ் வோட்டர்மன் தமது ஊற்றுப்பேனைக்குக் காப்புரிமை பெற்றார். அடைக்காது இலகுவாக ஓடும் சாய மைகள் அப்பேனை இனத்துக்கு ஏற்ற துணையாயின.

கரி மையை ஏன் அப்போதே பேனையுள் ஊற்றவில்லை? பேனையின் உள்ளமைப்பை நோக்குவோர் காரணத்தை உணர்வர். அலகின் நடுவே மயிரிழை போன்ற ஒரு பிளவு. அதன் கீழே மையை ஊட்டும் கட்டை. அதில் நுண்ணிய வாய்க்கால்கள். மயிர்த்துளைக் கவர்ச்சியால் மை அவ்வாய்க்கால் வழியே இறங்க, அதற்கு ஈடாகக் காற்று மேலேறுகிறது. இவ்வழி சிறிது அடைபட்டாலும் எழுத்து நின்றுவிடும். படம் வரைவோர் பயன்படுத்திய இந்தியன் இங்க் என்னும் கறுப்பு மையிலே கரியோடு அரக்கோ பசையோ சேர்ந்திருந்தது. உலர்ந்தால் அது மெருகெண்ணெய் போல இறுகிவிடும். அத்தகைய மையை ஊற்றுப்பேனைக்குள் விடலாகாது என்ற விதி இன்றும் மாறவில்லை.

மாறியது மைத் தொழில் நுட்பமே. யப்பானிய நிறுவனங்களாகிய பிளாற்றினமும் செயிலரும் ஊற்றுப்பேனைக்கென்றே கரி மைகளை ஆக்கியுள்ளன. இவற்றிலுள்ள துகள் மில்லிமீற்றரிற் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவினது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்கும்படி துணைப்பொருள்களும் கலக்கப்பட்டுள்ளன. இவ்வளவு நுண்ணிய துகளுக்கு அலகின் பிளவு அகன்ற வீதியாகும். ஆகவே, துகள் பெரிதாயிருப்பதால் பேனை அடைக்கிறது என்று கருதுவது பிழை. அடைப்புக்கு மூலகாரணம் உலர்தலே. நீர் ஆவியாகியதும் துகள்கள் நெருங்கி ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. உலர்ந்த சாயத்தை நீர் மீண்டும் கரைக்கும். உலர்ந்த கரியை நீர் கரைக்காது. தாளில் எதனை நன்மை என்று போற்றுகிறோமோ, அதுவே பேனைக்குள் தீமையாகிறது.

ஆகையால் கரி மையைச் சோதிக்க விரும்புவோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளல் வேண்டும். முதலாவது, பாட்டனார் வைத்துச் சென்ற பழம் பேனையிலோ விலையுயர்ந்த பேனையிலோ தொடங்குதல் தகாது. அலகையும் கட்டையையும் எளிதிற் கழற்றிக் கழுவக்கூடிய மலிவான பேனையே ஏற்றது. மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். இரண்டாவது, அப்பேனையால் நாள்தோறும் சில வரியேனும் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் மூடிவிட வேண்டும். கொழும்பின் காற்று ஈரமானதாயினும், சுழலும் மின்விசிறியின் கீழ்த் திறந்து கிடக்கும் அலகு விரைவில் உலர்ந்துவிடும். ஊருக்குப் போகும்போது மையோடு பேனையை மேசையில் விட்டுச் செல்வதிலும் கழுவி வைத்துச் செல்வது நன்று.

மூன்றாவது, ஒரு மையோடு மற்றொரு மையைக் கலத்தல் ஆகாது. கலந்தால் விலகி நிற்கும் துகள்கள் திரண்டு கட்டியாகக்கூடும். உப்பும் அவ்வாறே செய்ய வல்லது. கடலை அடுத்த கிணறுகளின் நீர் உவர்ப்பாயிருப்பதுண்டு. ஆதலின் இறுதிக் கழுவலுக்குக் காய்ச்சி வடித்த நீரைக் கொள்ளுதல் பாதுகாப்பானது. நான்காவது, ஒவ்வொரு முறை மை நிரப்புமுன்னும் குளிர்ந்த நீரால் அலசுதல் வேண்டும். படிவு கண்டால், பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவத்தின் ஒரு துளியை ஒரு கோப்பை நீரிலிட்டு அதில் ஊறவைக்கலாம். கொதிநீரும் மதுசாரமும் பேனையின் உடலைக் கெடுக்கும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மையின் உறுதியை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரே தாளில், கையிலுள்ள மைகள் ஒவ்வொன்றாலும் ஒவ்வொரு வரி எழுதி, ஒருநாள் உலரவிட வேண்டும். பின்னர் எல்லா வரிகளும் ஒவ்வொன்றிலும் வரும்படி தாளை மூன்றாகக் கிழிக்க வேண்டும். ஒன்றை நீர்த்தட்டில் ஒரு மணி நேரம் அமிழ்த்துக. ஒன்றை வெயில் விழும் யன்னற் கண்ணாடியில் ஒட்டிச் சில வாரம் விடுக. எஞ்சியதை இருட்டறையில் ஒப்புநோக்க வைத்திடுக. வீட்டுப் பிள்ளைகளும் இதனைச் செய்து மகிழலாம். சாய மைகளுள்ளும் தாளின் நாரோடு பிணைந்து நீரைத் தாங்குவன சில உள. கரி மையாயினும், வழவழப்பான தாளில் மேலோட்டமாக நின்று, விரல் பட்டால் தேய்வதும் உண்டு. இவையெல்லாம் சோதனையில் வெளிப்படும்.

ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. எல்லா எழுத்தும் நிலைக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளையின் சட்டையிற் சிந்தும் மை கழுவினாற் போகக்கூடிய நீல மையாயிருப்பதே தாய்மார்க்கு நலம். பேனையைப் பேணப் பொறுமையில்லாதோர், நிறப்பொடி மையுள்ள ஜெல் பேனையைக் கொண்டும் இப்பயனைப் பெறலாம். காணிக் கணக்கு, குடும்ப வரலாறு, பிள்ளையின் பிறந்த நாழிகை, வெளிநாட்டிலுள்ள உறவினர்க்கு எழுதும் கடிதம் ஆகியவற்றுக்கே கரி மை வேண்டும்.

கரி மை நீருக்கும் ஒளிக்கும் அஞ்சாது என்பது உண்மை. தாளை அது காக்காது என்பதும் அதேயளவு உண்மை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றில் இருந்த கரி எழுத்துகள் நெருப்பின் முன் நிற்கவில்லை. முன்னோர் இதனையும் அறிந்தே, ஏட்டைப் பிரதி செய்து வேற்றூருக்கும் அனுப்பி வைத்தனர். முக்கியமான தாளைக் கரி மையால் எழுதுவதோடு, அதன் பிரதியொன்றை வேறொரு வீட்டில் வைத்திருப்பதும் கடமையாகும். வெள்ளவத்தையில் ஓர் அலுமாரி நனைந்தாலும், மற்றோர் ஊரில் அவ்வெழுத்து வாசிக்கக் கிடைக்கும்.