வட்டம் காட்டாத படர்தாமரை

வன்னியில் மாரி இறங்கிவிட்டால் வயலும் வரம்பும் ஒன்றாகிவிடும். பெரும்போகக் காலத்தில் சேற்றில் ஊறிய கால்விரல் இடுக்குகள் வெளுத்து வெடிப்பதும், அரையில் படர்தாமரை தோன்றுவதும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளில் எவருக்கும் புதினமன்று. ஓரம் சிவந்து தடித்து, செதிலுரிந்து, நடுவே தெளிந்திருக்கும் வட்டத்தைக் கண்டதும் நம் பாட்டிமாரே நோயின் பெயரைச் சொல்லிவிடுவர்.

ஆயினும் எல்லாருடைய உடம்பிலும் அவ்வட்டம் தோன்றுவதில்லை. சிவப்பும் தடிப்பும் பெரும்பாலும் பங்கசு என்னும் பூஞ்சணத்தை எதிர்த்து உடம்பு நடத்தும் போரின் அடையாளங்களே. போர் தளர்ந்தால் அடையாளமும் மங்கும். மாற்றுச் சிறுநீரகம் பெற்று எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை உண்போர், புற்றுநோய்க்கு மருந்தேற்றப்படுவோர், எச்.ஐ.வி. தொற்றுள்ளோர், சலரோகம் கட்டுப்படாதோர் ஆகியோரை இங்கே கருதுகிறோம். வவுனியாக் கமக்காரரிடையே காரணம் துலங்காத சிறுநீரக நோய் காணப்படுவதால், இஃது எங்கோ தொலைவிலுள்ள சங்கதியன்று.

இத்தகையோரிடம் வட்டமின்றி, மங்கிய செதில் மட்டும் அகலப் படரலாம். மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு கட்டிகள் எழலாம். வழக்கமாக நுனியில் தொடங்கும் நகவெண்மை அடியிலிருந்தே தொடங்கலாம். சலரோகத்தால் கால் மரத்தவர் விரலிடுக்கு வெடிப்பை உணரார். அவ்வழியே வேறு கிருமிகள் புகுந்து காலை வீங்கச் செய்யும். காய்ச்சலுடன் கறுத்துப் பரவும் புண்ணோ அன்றைக்கே ஆசுப்பத்திரியில் காட்டவேண்டியது.

வட்டத்தை நாமே அழித்துவிடுவதும் உண்டு. கடிக்கென்று கடையில் வாங்கிப் பூசும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். அரிப்பு இரண்டொரு நாளில் அடங்கும். பூஞ்சணமோ உள்ளே செழிக்கும். இவ்வாறு மாறுவேடம் பூண்ட படர்தாமரையை 1968ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியர்களான ஐவ், மார்க்ஸ் இருவரும் எழுதிப் பெயரிட்டனர். அரைநூற்றாண்டு கடந்தும் அக்களிம்பு மோகம் நம்மை விட்டபாடில்லை!

கண்ணுக்குத் தப்பியது நுணுக்குக்காட்டிக்குத் தப்பாது. தோலைச் சுரண்டி எடுத்த செதிலைப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் இட்டு நோக்கினால் பூஞ்சண இழைகள் தெரியும். சிறுநீரகம் மாற்றப்பெற்றவர்கள் தோல்நோய்க்கு அஞ்சித் தம் மாத்திரைகளைத் தாமே நிறுத்தலாகாது. பூஞ்சணத்துக்குக் கொடுக்கப்படும் மாத்திரைகள் சில, அவர்கள் உண்ணும் மருந்தின் அளவைக் குருதியில் உயர்த்திவிடும். ஆதலால் கிளினிக்குக்குப் போகும்போது மருந்து அட்டையையும் கையோடு கொண்டு செல்லவேண்டும்.