வீரர் பெயரும் எழுத்துத் திருத்தமும்

நாட்டிற்காக உயிர் ஈந்த வீரனுக்கு நாம் எதைக் கொடுத்தாலும் அது ஈடாகாது. பதக்கம் மார்பை அணிசெய்யும். மானியம் குடும்பத்தைத் தாங்கும். தலைமுறை கடந்து நிற்பது பெயர் ஒன்றே. அப்பெயரைப் பிழையின்றி எழுதுதலே வீரனுக்குச் செய்யும் முதல் மரியாதையாகும்.

இவ்வுண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வீரனுக்குக் கல் நாட்டும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட தமிழ் பிராமி நடுகல்லில், ஆநிரைப் பூசலோடு தொடர்புடைய அந்தவன் என்பானின் பெயர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கக் கிடைக்கின்றது. நடுகல்லின் எழுத்துக் கோடுகள் தேய்ந்துபோனமையால் வழிச்செல்வோர் வேறு பொருள் கொண்டதை அகநானூற்றுப் பாடலொன்று குறிக்கின்றது. ஒரு கோடு குறைந்தால் ஒருவன் வரலாறே மாறிவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பழைய ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு தோன்றாது. படிப்போரே இடம் நோக்கித் தெளிதல் வேண்டும். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் இத்தகைய ஏடுகளை ஒப்புநோக்கியே பண்டை வீரர்தம் பெயர்களை நமக்கு மீட்டளித்தார். ஏடு தந்தோரையும் உடனிருந்து உதவியோரையும் தம் முன்னுரைகளில் நன்றியோடு குறித்த பண்பும் அவருடையது.

இன்றைய இடர்ப்பாடு வேறு வகையினது. வீரர் பெயர்கள் ஆங்கிலம் வழியாக நம்மை வந்தடைகின்றன. ஆங்கிலத்தில் ல, ள, ழ மூன்றிற்கும் பெரும்பாலும் ஓரெழுத்தே பயன்படுகின்றது. குறில் நெடில் வேறுபாடும் தெளிவாகப் புலப்படாது. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் உயிர் நீத்து, மறைவுக்குப்பின் வீர சக்கரம் பெற்ற இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியின் பெயரை ஆங்கிலத்தில் மட்டும் கண்ட ஒருவர் 'பலனி' என எழுதிவிடக் கூடும். முருகன் உறையும் ஊர்ப்பெயர் அங்கே பொருளற்ற ஒலியாகிவிடும்.

அறபுப் பெயர்களிலும் இதுவே நிலை. 1965 செப்டம்பர் 10 அன்று கேம்கரண் பகுதிப் போரில், ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பேட்டன் டாங்கிகளைத் தகர்த்து வீழ்ந்தவர் அப்துல் ஹமீது. பரம வீர சக்கரம் பெற்றவர். ஹமீது என்பது 'புகழுக்குரியவன்' என்னும் இறைத்திருப்பெயர். 'ஹாமிது' என்று நீட்டினால் 'புகழ்பவன்' என்றாகும். 'புகழுக்குரியோனின் அடியார்' என்னும் அரும்பொருள் ஒரு மாத்திரையில் சிதைந்துபோகின்றது.

1948 ஜூலை 3 அன்று காஷ்மீரத்தின் ஜாங்கரில் வீரமரணம் எய்திய பிரிகேடியர் முகம்மது உஸ்மானின் பெயர் மற்றொரு பாடம் தருகின்றது. சீறாப்புராணம் முதலிய இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்கள் இப்பெயரை 'உதுமான்' என்று தமிழ் மரபிற்கேற்ப எழுதும். இரு வடிவமும் குற்றமற்றவையே. ஆயினும் ஒரே நூலில் இரண்டையும் கலந்தெழுதினால் ஒருவர் இருவராகிவிடுவர். ஒன்றைத் தேர்ந்து இறுதிவரை அதனையே பின்பற்றல் வேண்டும்.

விருதின் பெயரிலும் கவனம் தேவை. 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்ட பரம வீர சக்கரம், மகா வீர சக்கரம், வீர சக்கரம் ஆகிய மூன்றும் பகைவர் எதிரில் காட்டும் வீரத்திற்குரியன. முதல் விருதைப் பெற்றோர் 21 பேரே. அசோக சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம் ஆகியவை போர்க்களத்திற்கு அப்பாற்பட்ட வீரத்திற்குரியன. உஸ்மான் பெற்றது மகா வீர சக்கரம். 'மகா' என்னும் ஈரெழுத்தை விட்டுவிட்டால் அவர் பெற்ற விருதையே ஒரு படி தாழ்த்தியவராவோம்.

இப்பிழைகளை யார் களைவர்? பெயருக்குரியவர் வந்து திருத்த இயலாது. ஆதலின் அச்சுப்படி பார்ப்பவரும், 'இந்த ழகரம் இங்கே வரவேண்டும்' என்று சுட்டும் மாணவரும், ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்லும் முதியவரும் வீரர் சார்பில் வாதாடுவோர் ஆகின்றனர். அவர்களைக் குற்றம் காண்போர் என ஒதுக்குதல் முறையன்று. தொல்காப்பியமே அதங்கோட்டாசான் முன்னிலையில் ஐயமறக் கேட்கப்பெற்றுத்தான் அரங்கேறியது எனப் பாயிரம் கூறுகின்றது. பெருநூலுக்கே திருத்துவோர் தேவைப்பட்டனரெனில் நாம் எம்மாத்திரம்?

சேத்தியாத்தோப்பிற்கு மேற்கேயுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பச்சை மண்ணில் கீறிய எழுத்தை ஈர விரலால் திருத்திவிடலாம். சூளையில் வெந்தபின் உடைத்துத்தான் மாற்ற முடியும். கல்வெட்டும் அச்சுநூலும் அத்தகையனவே. புதுதில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகச் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒரு தாய் தன் மகனை அழைத்த பெயராகும்.

ஆதலின் மாணவச் செல்வங்களே, உங்கள் ஊரில் ஒரு வீரருக்குப் பெயர்ப்பலகை எழுதும்போது அவர்தம் இல்லத்தாரிடம் முதலில் கேளுங்கள். தமிழாசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள். யாரேனும் பிழை சுட்டினால் முகம் சுளியாது நன்றி கூறுங்கள். அந்த நன்றியில் வீரருக்குரிய வணக்கமும் அடங்கியுள்ளது.