பழைய பெட்டியும் புதிய ஆடலும்

உவகை தோன்றும் நிலைக்களங்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கென வகுத்தார். செல்வம், அறிவு, காதலர் கூட்டம் ஆகிய மூன்றனோடு விளையாட்டையும் அவர் ஒன்றாக வைத்து எண்ணியது கருதத்தக்கது. விளையாட்டு யாவும் வீண்பொழுது என்று கடிந்துரைக்கும் ஆசிரியன்மார், இவ்வியலைப் பாடஞ் சொல்லும் நாளிலேனும் சற்றுத் தயங்குதல் நன்று.

பழந்தமிழர் புனலாடினர், பந்தாடினர், கழங்காடினர். இன்றைய இளைஞர் கணினித் திரையில் ஆடுகின்றனர். களம் மாறிற்றேயன்றி ஆடும் உள்ளம் மாறவில்லை. (கணி என்னும் பகுதியடியாகப் பிறந்தது கணினி. ஈழத்தில் கணனி என்று எழுதும் வழக்கும் வேரூன்றிவிட்டது. யான் முன்னதையே கொள்வேன்.) ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆற்றுநீருக்கு விலையில்லை, கழங்காடச் சில கழற்சிக்காய்கள் போதும். கணினிக்கோ காசு வேண்டும்.

அக்காசு எங்ஙனம் அரிதாயிற்று என்பதை ஈழத்தவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2022 மார்ச்சு மாதத்தில் ரூபாவின் கட்டுத் தளர்த்தப்பட்டது. 200 ரூபாவை அண்டி நின்ற டொலர் மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. அதே மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு. 900 மெகாவாற்று ஆற்றலுடைய நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைத் தன் கரையிலே தாங்கி நிற்கும் புத்தளம் மாவட்டமும் அவ்விருளுக்கு விலக்காகவில்லை. கணினியின் உறுப்புக்கள் டொலர் கொடுத்துக் கொள்ளப்படுவன. டொலர் பின்னர் ஓரளவு இறங்கிற்றாயினும் பழைய விலை மீளவில்லை. ஆகவே, அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த மேசைக் கணினிகளையே சிற்றூர் மாணவர் நாடுகின்றனர். பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவுக்குப் பேருந்தேறிச் செல்வார்க்கும் கையிருப்பு அளவானதே.

மதுரங்குளியில் எம் மாணவன் ஒருவனிடம் அத்தகைய பெட்டியொன்று உண்டு. 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் ஐ5 செயலி, 4 ஜிபி நினைவகம், சுழலும் வன்தட்டு. விடுமுறை நாள்களில் தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரித்துச் சேர்த்த 30,000 ரூபாவைக் கொண்டு அதனை விளையாட்டுக்கு உரியதாக்க அவன் விரும்பினான். அப்பணம் உயர்தர வகுப்பு ரியூசனுக்கு ஆகும் என்பது அவனுடைய உம்மாவின் எண்ணம். "சேர், நீங்க ஒரு சொல்லுச் சொன்னா அவன் கேப்பான்" என்று அவர் என்னிடம் வந்தார். யான் முதலில் பெட்டியைத் திறந்து காட்டும்படி கேட்டேன்.

குளத்து மதகு குறுகியிருக்க வயல்வாய்க்காலை அகலப்படுத்துவதால் நீர் மிகாது. கணினியின் இயல்பும் அதுவே. எந்த உறுப்பு ஏனையவற்றைக் காக்க வைக்கின்றதோ அதனை மாற்றுவதே காசுக்குப் பயன் தரும். இவன் பெட்டியில் முதல் மதகு வன்தட்டு. அதனுள்ளே ஒரு சிறுகை அங்குமிங்கும் நகர்ந்து, சுழலும் தட்டிலிருந்து செய்தியைத் தேடி எடுக்கின்றது. ஏட்டுக்கட்டை அவிழ்த்து ஓலை ஓலையாகப் புரட்டித் தேடுவதை ஒத்தது அது. எஸ்.எஸ்.டி. என வழங்கும் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பு யாதுமில்லை. வேண்டிய இடத்தை உடனே எட்டும். பழம் பெட்டியொன்றில் 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்திய அன்றே, அது வேறு பெட்டியோ என்று வியக்கத் தோன்றும்.

இரண்டாவது நினைவகம், மாணவர் 'றாம்' என்பது. 4 ஜிபி பலகை ஒன்று இருக்குமிடத்து அதே வகையில் இன்னொன்றைச் சேர்த்தால் 8 ஜிபி ஆவதுடன், இரு பலகைகளும் ஒருங்கே செய்தியை ஏந்துதலால் வேகமும் மிகும். பழைய டிடிஆர்3 வகையைப் பிறர் கழற்றிவிட்டதாகவே வாங்கலாம்.

இவ்விரண்டும் படிப்புக்கும் உதவுவன. ஆதலால் இவற்றோடு நிறுத்துக என்று சொல்லிவிட எண்ணினேன். மாணவன் மறுத்தான். எஸ்.எஸ்.டி. காத்திருப்பைக் குறைக்குமேயன்றி ஆட்டத்தின் ஓட்டத்தைக் கூட்டாது. காட்சியை வரைவது கிராபிக்ஸ் அட்டை. செயலியோடு ஒட்டிப் பிறந்த வரைகருவி அதற்குப் போதாது என்றான். அவன் கூற்று முற்றும் உண்மை. ஆடுதற்கென்று உழைத்தவனிடம் ஆடலுக்கு உதவாத இரண்டை மட்டும் வாங்கச் சொல்வது நீதியன்று.

ஆகவே பேச்சு எந்த அட்டை என்பதில் வந்து நின்றது. தாய்ப்பலகையின் துளை தரும் மின்வலு 75 வாற்று. அதற்கு மேற்பட்டு வேண்டும் அட்டைகளுக்கு மின்வழங்கியிலிருந்து தனிக்கம்பி வேண்டும். அலுவலகப் பெட்டிகளிற் பலவற்றில் அக்கம்பி இல்லை. சிலவற்றின் மின்வழங்கியோ பொதுவகையைச் சாராதது, மாற்றுவதும் எளிதன்று. 2016 இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 75 வாற்றுக்குள் அடங்கும். 2014 இல் வந்த 750 டிஐ 60 வாற்றே கொள்ளும். ஆற்றல் குறைவு, விலையும் குறைவு. மாணவன் மனம் முன்னதில். கையிருப்போ பின்னதற்கே இடந்தந்தது. பயன்படுத்திய 750 டிஐ ஒன்றை வாங்குவது, மிஞ்சுவது ரியூசனுக்கு என்று முடிவாயிற்று. உம்மாவும் இசைந்தார்.

பயன்படுத்திய அட்டை வாங்குவோர் அதன் வரலாற்றையும் கேட்டறிதல் வேண்டும். எதீரியம் என்னும் மின்பணத்தை அட்டைகளைக் கொண்டு அகழ்ந்தெடுக்கும் முறை 2022 செப்டெம்பரில் முடிவுற்றது. இரவு பகலாக உழைத்த அட்டைகள் உலகெங்கும் மலிவாகச் சந்தைக்கு வந்தன. அவற்றைத் தீண்டலாகாது என்று யான் சொல்லேன். விசிறி தடங்கலின்றிச் சுழல்கிறதா என்று கையால் தள்ளிப் பார்த்து, கடையிலேயே அரைமணி நேரம் ஓடவிட்டுக் கொள்வது போதும்.

கடலோரத்தார்க்கு மற்றொரு கவலையும் உண்டு. உப்புக்காற்றும் ஈரமும் செப்புத் தொடுமுனைகளை மங்கச் செய்யும். பெட்டி உயிர்ப்பிக்கவில்லை என்றால் பழுது என்று கொண்டு புதிதாக வாங்க ஓடாமல், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற முனையை மென்மையான அழிறப்பரால் தேய்த்து, துகளை ஊதி மீளப் பொருத்துக. பல பெட்டிகள் அவ்வளவில் எழுந்துவிடும்.

மின்கட்டணம் பற்றியும் உம்மா கேட்டார். ஆடும்போது முழுப்பெட்டியும் திரையும் ஏறத்தாழ 150 வாற்று என்று கொள்வோம். நாள்தோறும் 2 மணிநேரம் ஆடின் மாதத்துக்கு 9 அலகு. 60 அலகைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டண வீதமே வேறாகுமாதலால், 50 அலகோடு நிற்கும் வீட்டில் இந்த 9 சிறிய எண்ணன்று. சனியும் ஞாயிறும் மட்டும் என்று அவரே எல்லை வகுத்தார்.

இனிக் காசால் தீராத குறைகள். விண்டோஸ் 10 இன் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இத்துணைப் பழைய செயலியை முறைப்படி ஏற்பதில்லை. லினக்ஸ் இலவசம், 2018 இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டன் துணையால் அதில் விண்டோஸ் விளையாட்டுக்கள் பல ஓடும், வாலரண்ட் போன்றவை ஓடா. ஏ.வி.எக்ஸ். 2 என்னும் கட்டளைத் தொகுதி இன்டெலின் 2013 ஆம் ஆண்டுச் செயலிகளிலேதான் வந்தது. அதனை வேண்டி நிற்கும் புதுவிளையாட்டுக்கள் எந்த அட்டையை இட்டாலும் இப்பெட்டியில் ஓடமாட்டா. 2006 இல் வந்த கிரிக்கெட் 07 க்கோ யாதொரு மாற்றமும் வேண்டியதில்லை. இவ்விரு எல்லைக்கும் இடையில், நல்ல விளையாட்டுக்கள் பத்தாண்டுக் காலத்தவை குவிந்து கிடக்கின்றன. நம் மாணவன் கண்வைத்திருப்பது 2015 இல் வெளிவந்த ரொக்கட் லீக். 2020 முதல் விலையின்றிக் கிடைப்பது. அதில் மோட்டார் வண்டிகள் பந்தாடுகின்றன.