புலிப் படமும் புலிப் படிப்பும்

றொசல்ல ஸ்டேசனில் ரயில் நிற்பது கொஞ்ச நேரம்தான். அதற்குள் ஜன்னலுக்கு ஜன்னல் சுற்றுலா வந்தவர்களின் போன்கள் வெளியே நீளும். பனிக்கு நடுவில் கொழுந்து எடுக்கிற ஒரு பெண் அகப்பட்டுவிட்டால் போதும், வந்த வேலை முடிந்தது.

1934இலும் கேமரா இப்படித்தான் வெளியிலிருந்து வந்தது. தேயிலைப் பிரசாரச் சபையின் காசில் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' உலக ஆவணப்பட வரலாற்றில் பேர்போன படம். அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒலியை லண்டனில் வைத்துச் சேர்த்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் கண்டி அரசனிடம் சிறைப்பட்டிருந்த றொபட் நொக்ஸ் எழுதியதைக் கொழும்பின் லயனல் வென்ட் வாசித்தார். தேயிலையை விற்க எடுத்த படத்தில், கொழுந்து பறித்தவர்கள் தங்கள் கதையைச் சொல்ல இடமில்லை.

இன்று லயத்துக்கு லயம் கேமரா. அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைக்குள் புலி படுத்திருந்தால் (சிறுத்தையைத் தோட்டத்தில் புலி என்றுதான் சொல்வோம்) பொழுது சாய்வதற்குள் வட்ஸ்அப்பில் வந்துவிடும். அரை நிமிட ஆட்டம், யாரோ போடும் கூச்சல், நாய்க் குரைப்பு, அவ்வளவுதான். புலி எந்த வழியாக இறங்கியது, நாயைத் தேடி வந்ததா, குட்டி ஈன்றிருக்கிறதா? அந்த மலையில் கொழுந்து எடுக்கும் அக்காவைக் கேளுங்கள். எந்தப் பாறையில் வெயில் காயும் என்பதுவரை சொல்வார். வீடியோவில் அவர் இல்லை.

2020 மே மாதம் நல்லதண்ணி, லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் செத்தது. அது கம்பியில் கிடந்த படத்தை நாடே பார்த்தது. அது வாழ்ந்த விதத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்?

அமெரிக்காவில் மொன்டானா அரச பல்கலைக்கழகத்தில் அறிவியல், இயற்கைப் படங்கள் எடுக்கவென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. அறிவியல் படித்தவர்களின் கையில் கேமராவைக் கொடுத்துப் பழக்குவதுதான் அதைத் தொடங்கிய எண்ணம். நமக்குக் கேமரா முந்திவிட்டது, அறிவியல் பின்னால் நிற்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்க வழியுள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் இன்னும் குறைவு.

அந்த நிலை மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை, தம்பிமாரே. புலியைப் படம் எடுத்தால் திகதி, நேரம், எத்தனையாம் நம்பர் மலை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இடத்தை மட்டும் முகநூலில் போடாதீர்கள். சுருக்கு வைக்கிறவனும் போன் பார்க்கிறான்.