செப்பிடுவித்தையும் சமூக மதிப்பும்

கண்கட்டு வித்தையைத் தொழிலாகக் கொள்ளாது, ஆர்வத்தால் பயில்வோரைச் சமூகம் இருவிதமாக நோக்குகிறது. ஒரு சாரார் ஏமாற்றுக்காரரென ஐயுறுவர். மறுசாரார் சிறுபிள்ளை விளையாட்டென நகைப்பர். இவ்விரு நோக்கும் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஐயம் பழையது. ஐரோப்பாவில் சூனியக்காரரெனக் குற்றஞ்சாட்டி மக்களைக் கொன்ற காலத்தில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்காட் 1584இல் ஒரு நூல் வெளியிட்டார். பந்து, நாணயம், சீட்டு ஆகியவற்றைக் கொண்டு செய்யும் வித்தைகள் வெறும் கைத்திறனே என விளக்கினார். தெய்விக ஆற்றல் உண்டெனக் கூறாது, களிப்புக்காகச் செய்யின் அது குற்றமன்று என்றும் எழுதினார்.

நகைப்போ ஆளைப் பொறுத்தது. கிண்ணங்களின் கீழ்ப் பந்துகளை மறைத்து மாற்றுவதை நாம் செப்பிடுவித்தை என்கிறோம். நம் கடைவீதிகளில் அதைச் செய்தவர் சில்லறைக் காசே பெற்றார். 1905இல் இலண்டனில் தோன்றிய மேஜிக் சர்க்கிள் சங்கத்திலோ, அந்நாள் இளவரசர் சார்லஸ் 1975இல் அதே வித்தையைச் செய்துகாட்டி உறுப்பினரானார். வித்தை ஒன்றே; மதிப்போ இரண்டு! பெண்களுக்கோ அச்சங்கத்தின் கதவு 1991 வரை திறக்கவேயில்லை.

ஆதலின், நாம் மதிப்பிடத்தக்கது பிறப்போ செல்வமோ பாலோ அன்று, நேர்மையே. "இது வித்தை" என முன்கூறி வியப்பளிப்பவர் கலைஞர். அதையே அருளென்று கூறிப் பொருள் பறிப்பவர் வஞ்சகர். முன்னவரைப் போற்றுவோமாயின், தம் கண்ணும் எளிதில் ஏமாறும் என்னும் உண்மையை இளைஞர் சிரித்துக்கொண்டே கற்பர்.